நாற்பது ஆண்டு நோய், இரண்டு ஆண்டுச் சட்டம்: கல்நார்த் தொழிலாளரின் இழப்பீட்டு உரிமை

ஆமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் 1986இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு வழங்கியது. கல்நார் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி, உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த மிகச் சில தலித் நீதிபதிகளுள் ஒருவர். தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், அந்த உரிமை பணியில் இருக்கும் காலத்தோடு முடிவதில்லை, ஓய்வுக்குப் பின்னும் தொடர்கிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆஸ்பெஸ்டோசிஸ் நோய் இருப்பதாகத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சான்றளித்தால், சான்றளித்த மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு லட்சம் ரூபாயை ஆலை நிர்வாகமே வழங்க வேண்டும் என்பதும் அதன் உத்தரவுகளில் ஒன்று.

முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் கல்நார் இழப்பீடு பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீர்ப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின் பெரிதாக எதுவும் வரவில்லை. 2011இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்யக் கோரிய கல்யாணேஸ்வரி வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தடை விதிப்பது சட்டமியற்றும் அவையின் வேலை என்றது. மனுதாரரின் நோக்கத்தையே ஐயுற்றுக் கண்டித்தது. ஆயினும் 1995ஆம் ஆண்டின் உத்தரவுகள் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும் என்று அதே தீர்ப்பு மீண்டும் சொன்னது. ஆகவே அந்த உத்தரவுகள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுப்போர்தான் குறைவு.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. கல்நார் என்பது இழை இழையாகப் பிரியும் கனிமம். அரைக்கும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து மூச்சுக்குள் செல்கின்றன. உடல் அவற்றைக் கரைக்கவோ முழுமையாக வெளியேற்றவோ இயலாததால் நுரையீரல் திசு மெல்ல மெல்லத் தழும்பாக இறுகுகிறது. அதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலையும் வயிற்றையும் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும் இதே இழைகளால் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் விளைவிப்பவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியா பெருமளவில் இறக்குமதி செய்யும் வெள்ளைக் கல்நாரும் அதில் அடங்கும். இழப்பீட்டைப் பொறுத்தவரை ஒரு செய்தி எல்லாவற்றையும்விட முதன்மையானது: இந்த நோய்கள் தூசியைச் சுவாசித்த உடனே வெளிப்படுவதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் தெரியவரப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். மீசோதீலியோமாவுக்கு நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இருபத்தைந்து வயதில் சாக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டியவருக்கு அறுபது வயதில் மூச்சு வாங்குகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழில்சார் நோயை வேலையில் நேர்ந்த விபத்துக்குச் சமமாகக் கருதுகிறது. அதன் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும் இருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இருக்கின்றன. அட்டவணையில் உள்ள தொழிலில் குறித்த காலம் வேலை செய்தவருக்கு அட்டவணையில் உள்ள நோய் வந்தால், அது வேலையால் வந்ததே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வேலையால் வரவில்லை என்று காட்டும் சுமை முதலாளியுடையது. இதுவரை நன்று.

சிக்கல் பத்தாம் பிரிவில் இருக்கிறது. விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். நோயைப் பொறுத்தவரை, இயலாமையால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமற்போன முதல் நாளே விபத்து நாள். வேலையை விட்டு நின்றவர் என்றால், நின்ற இரண்டு ஆண்டுகளுக்குள் நோயின் அறிகுறிகள் தோன்ற வேண்டும். அறிகுறி முதலில் கண்டறியப்பட்ட நாள் விபத்து நாளாகும். கை நசுங்கும் எந்திரத்தையும் ஈய நஞ்சையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த விதி, இருபது ஆண்டு கழித்து முளைக்கும் நோய்க்கு அப்படியே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆலை மூடப்பட்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, பதினைந்து ஆண்டு கழித்து இருமல் தொடங்கியவரை இந்த வரி வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. போதிய காரணம் இருந்ததென ஆணையர் மனநிறைவு கொண்டால், காலவரம்பு கடந்த மனுவையும் ஏற்று விசாரிக்கலாம். தன் நோயின் பெயரே தனக்குத் தெரியாமலிருந்தது, காசநோய் என்றே ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள், நிர்வாகம் ஒருநாளும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையைத் தரவில்லை என்பவை போதிய காரணங்கள் அல்லவெனில் வேறெவை? இதை வாதிடும்போது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மற்றோர் உத்தரவு பெருந்துணையாகும். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது நாற்பது ஆண்டுகள் அல்லது பணியிலிருந்து விலகிய பின் பதினைந்து ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை, நிர்வாகம் பராமரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நாற்பது ஆண்டு என்று நீதிமன்றமே சொன்னதற்குக் காரணம் நோய் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதுதான். பதிவேட்டைக் காட்ட முடியாத நிர்வாகம், தொழிலாளி காலந்தாழ்ந்து வந்தார் என்று வாதிடுவதை அனுமதிக்கக் கூடாது என்பதே நமது மனுக்களின் அச்சாக இருக்க வேண்டும். கைவசமிருக்க வேண்டிய ஆவணத்தைத் தர மறுப்பவருக்கு எதிராக அனுமானம் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டமும் சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-சி பிரிவோ, அபாயகரமான தொழில்களில் உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி பார்வையிடும் உரிமையை வெளிப்படையாகவே வழங்கியிருந்தது.

எவ்வளவு கிடைக்கும்? முழுமையான நிரந்தர இயலாமை என்றால் மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை, வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் கணக்கில் கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு மாதம் ரூ.15,000. அறுபது வயதுக்கான காரணி 117.41. ஆக ரூ.9,000 பெருக்கல் 117.41, அதாவது ரூ.10,56,690. வேலைத்திறன் இழப்பு 30 விழுக்காடு என மருத்துவர் மதிப்பிட்டால் ரூ.3,17,007. இது ஏட்டில் உள்ள கணக்கு. நம் ஊர்களில் நடக்கக்கூடியது வேறு. ஒருவர் வேலையை விட்டபோது வாங்கிய கடைசி ஊதியம் ரூ.1,500 என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் அது வியப்பான தொகை அன்று. அந்த ஊதியத்தையே அடிப்படையாகக் கொண்டால் ரூ.1,05,669தான் வரும். சட்டம் விதித்த குறைந்தபட்சத் தொகையான ரூ.1,40,000 அதைவிடக் கூடுதல் என்பதால் அதுவே கிடைக்கும். முப்பது விழுக்காடு இழப்பு என்றால் ரூ.42,000. நோய் தாமதமாக வந்ததற்காகத் தொழிலாளி இருமுறை தண்டிக்கப்படுகிறார்: வயது கூடியதால் காரணி குறைகிறது; ஊதியம் பழையது என்பதால் அடிப்படையும் குறைகிறது. நோய் கண்டறியப்பட்ட ஆண்டில் அதே வேலைக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் உரக்க எழுப்பாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஒரு லட்சத்துக்கும் இதே கதைதான். 1995இல் ஒரு லட்சம் என்பது ஒரு குடும்பத்தை நிமிர்த்தக்கூடிய தொகை. பாதாளச் சாக்கடையில் இறந்தோருக்கு 2014இல் ரூ.10 லட்சம் என நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று, பணத்தின் மதிப்புக் குறைந்ததைக் கணக்கில் எடுத்து அதனை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமுற்றோருக்கு ரூ.20 லட்சம் என்றது. அதே நியாயம் கல்நாருக்கும் பொருந்தும். அந்த உயர்வு தானாக வந்துவிடவில்லை. தூய்மைப் பணியாளர்களின் இயக்கம் பல ஆண்டுகள் வழக்காடியதன் பின்னணியில் வந்தது. கல்நாருக்கு அப்படியோர் இயக்கம் இல்லை.

இங்கே சாதியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஒரு கூரைத் தகடு ஆலைக்குள் எல்லா வேலையும் ஒரே அளவு தூசியுள்ளதன்று. மூட்டை பிரிப்பது, இழையைக் கலவை எந்திரத்தில் கொட்டுவது, தரையைக் கூட்டுவது, உடைந்த தகட்டை மறுபடியும் அரைப்பதற்கு அள்ளுவது ஆகியவை தூசி மிகுந்தவை. அவை காண்ட்ராக்டர் வழியாக வரும் தினக்கூலிகளிடம் தள்ளப்படுகின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கும், கூட்டுபவருக்கு இருக்காது. ஆலைக்கு வெளியிலும் அப்படியே. புயலுக்குப் பின் தெருவில் நொறுங்கிக் கிடக்கும் கூரைத் தகடுகளை வெறுங்கையால் அள்ளி வண்டியில் போடும் தூய்மைப் பணியாளர் எந்தச் சாதி என்று இந்தத் தளத்தின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கல்நார்த் தொழிலாளி என்று எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம் மாவட்டத்தில் ரோரோ மலையில் 1983இல் மூடப்பட்ட கல்நார்ச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஹோ பழங்குடியினர். நிறுவனம் போய்விட்டது; கழிவுக் குவியல் மலைச்சரிவிலேயே கிடந்தது. குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைக்கும் புலம்பெயர் தொழிலாளர்களுள் கல்நாரோடு புழங்கிய 94 பேரைப் பரிசோதித்தபோது 15 பேரின் மார்பு எக்ஸ்ரேயில் நிழற்கோடுகள் தென்பட்டதாக உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் முன் 2006இல் அறிக்கை வைக்கப்பட்டது. அந்தக் கப்பல்களை உடைக்கும் பணி நிற்கவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் சரியன்று. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காண்ட்ராக்டர் வழியே வந்தவருக்கும் முதன்மை நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் அது வசூலித்துக்கொள்ளலாம். பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்தவர் எனில், ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற நோய்களுக்கு அவர்கள் அனைவரும் ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய எந்தத் தாளும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கணக்கு முடிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

இ.எஸ்.ஐ. உள்ளவரின் பாதை தனி. அந்தக் காப்பீட்டுக்குள் வருபவர் இழப்பீட்டு ஆணையரிடம் செல்வதை இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. மருத்துவ வாரியம் மதிப்பிடும் இழப்பின் அளவுக்கேற்ப மாதாந்தரப் பணப்பயன் பெறுவதே அங்குள்ள வழி. வாரியத்தின் முடிவில் உடன்பாடு இல்லையெனில் மேல்முறையீடு உண்டு. இந்தக் காப்பீட்டின் வேர் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் அளிக்கப்பட்ட அடர்கர் அறிக்கையில் இருக்கிறது என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் தொழில்சார் நோயைக் கண்டறியப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் அம்மருத்துவமனைகளில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. 1995ஆம் ஆண்டு வழக்கிலேயே, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்ட குஜராத் தொழிலாளர்களை ஆமதாபாத்தில் உள்ள தேசிய நிறுவனத்துக்கு அனுப்பி மறுபரிசோதனை செய்யுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நடப்பில் பெரும் தடை இந்த மருத்துவச் சான்றுதான். ஏழைத் தொழிலாளி இருமிக்கொண்டு வந்தால் காசநோய் என்று எழுதுவது எளிது. கேள்வி கேட்க யாருமில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஆறு மாத மருந்துக்குப் பின்னும் மூச்சுத்திணறல் குறையவில்லை என்றால் ஐயம் கொள்ள வேண்டும். தெளிவான எக்ஸ்ரே, இயன்றால் சி.டி. ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை, இவற்றோடு எந்த ஆண்டு எந்த ஆலையில் என்ன வேலை என்ற விவரமான பணி வரலாறு: இவை சேர்ந்தால்தான் நோய்க்குப் பெயர் கிடைக்கும். பணி வரலாற்றை மருத்துவர் எழுத மறந்தால் கேட்டு எழுதி வாங்க வேண்டும். 'கல்நார்' என்ற சொல் மருத்துவக் குறிப்பில் இல்லாத கோப்பு ஆணையரின் மேசையில் எடுபடுவதில்லை. புகைபிடிக்கும் பழக்கத்தை நிர்வாகத்தின் வழக்கறிஞர் நிச்சயம் எழுப்புவார். பீடி ஆஸ்பெஸ்டோசிஸை உண்டாக்காது என்பதையும், கல்நாரும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது என்பதையும் மருத்துவரின் வாய்மொழியாகவே பதிவுசெய்ய வேண்டும்.

வேலை செய்ததற்கே சான்று இல்லாதவர் என்ன செய்வது? குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குச் சென்று சிலிகோசிஸ் பிடித்துத் திரும்பிய மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினரிடம் பே ஸ்லிப் ஏதுமில்லை. பிழைத்திருந்தோரும் அவர்களுடைய அமைப்பும் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து, தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.3 லட்சம் வழங்குமாறு 2016 மே மாதம் குஜராத் அரசுக்கு உத்தரவிடப்பட்டது. முதலாளியைத் தேடிக்கொண்டிராமல், கண்காணிக்கத் தவறிய அரசைப் பொறுப்பாக்கியதே அந்த வழக்கின் சிறப்பு. ராஜஸ்தானோ 2019இல் தூசி நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, சான்றளிக்கப்பட்டவருக்கு ரூ.3 லட்சமும் அவர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும் என்றது. அரக்கோணத்திலும் கோவை போத்தனூரிலும் பல பத்தாண்டுகளாகக் கல்நார் சிமென்ட் ஆலைகள் இயங்கிவந்துள்ள தமிழகத்திலும் இப்படியொரு கொள்கையைக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

முதலாளி கடல் கடந்து போய்விட்டால்கூட வழக்கு முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. பிரிட்டனின் கேப் நிறுவனம் அங்கே நிறவெறி ஆட்சியின் நிழலில் பல்லாண்டு கல்நார் வெட்டியெடுத்து, 1979இல் வெளியேறியது. கறுப்பினப் பெண்களும் சிறார்களும்கூட அந்த இழையைக் கையாண்டிருந்தனர். அவர்கள் லண்டனில் வழக்குத் தொடர்ந்தபோது, 'உங்கள் நாட்டிலேயே தொடருங்கள்' என்றது நிறுவனம். சொந்த நாட்டில் சட்ட உதவி கிடைக்காத ஏழைகளை அங்கே அனுப்புவது நீதி மறுப்பாகும் என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 2001இல் 2.1 கோடி பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம் அதைக் கொடுக்கவில்லை. இறுதியில் 2003இல் 7,500 பேருக்கு 75 லட்சம் பவுண்டு, தலைக்குச் சராசரி ஆயிரம் பவுண்டு கிடைத்தது. தொகை சிறிது. ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக அதே ஆண்டில் மற்றொரு சுரங்க நிறுவனத்தின் பணத்தில் கல்நார் நிவாரண அறக்கட்டளை உருவானது. பின்னாளில் நோய் வெளிப்படுவோருக்கும் அது இழப்பீடு வழங்கும். காலவரம்புச் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான விடை நம்மிடம் இல்லை.

களத்தில் இறங்கும் மாணவர்களுக்குச் சில சொற்கள். ஒரே தெருவில் ஒரே ஆலைக்குச் சென்றவர்களைச் சேர்த்துப் பட்டியல் எடுங்கள். தனி மனுவைவிடப் பத்து மனுக்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாகும். பழைய பி.எஃப். சீட்டு, கேட் பாஸ், மேஸ்திரியின் கூலி நோட்டு, திருமணப் பத்திரிகையில் அச்சான பணியிடப் பெயர் உட்பட எதையும் தூக்கி எறிய விடாதீர்கள். ஆலை ஆய்வறிக்கைகளையும், தொழில்சார் நோய் குறித்து நிர்வாகமும் மருத்துவரும் அனுப்பியிருக்க வேண்டிய அறிவிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஓர் எச்சரிக்கை: உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர் அதே நோய்க்காக இழப்பீட்டு ஆணையரிடம் செல்ல முடியாது; எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். மேலும், இங்கே குறித்தவை பழைய சட்டங்களின் பிரிவு எண்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அதன் ஏழாம் அத்தியாயம் பிடித்திருப்பதால், மனுவில் எண்களை எழுதுமுன் வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் இந்தச் சட்டங்கள் அனைத்துக்கும் வெளியே நிற்கிறார். கணவரின் தூசி படிந்த வேலைச் சட்டையை முப்பது ஆண்டு உதறித் துவைத்த பெண். அந்தத் தூசியாலும் மீசோதீலியோமா வரும் என்பது மருத்துவம் ஐயமற நிறுவியது. ஜப்பானில் 2005இல் அமகசாகி நகர ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இந்நோய் வந்தது வெளிப்பட்டபோது, தொழிலாளர் காப்பீட்டுக்குள் வராத குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்குமாக அடுத்த ஆண்டே தனி நிவாரணச் சட்டம் இயற்றினார்கள். இங்கே அவர் 'பணியாளர்' அல்லர் என்பதால் ஆணையரிடம் செல்ல முடியாது. காப்பீட்டு எண் இல்லை என்பதால் மருத்துவ வாரியத்திடமும் செல்ல முடியாது. 1995ஆம் ஆண்டின் ஒரு லட்சமும் அவருக்கில்லை. 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு, அல்லது நிறுவனத்தின் அலட்சியத்தைச் சுட்டி உரிமையியல் வழக்கு. இப்போதைக்கு அவருக்குள்ள வழிகள் இவ்விரண்டுதான்.